பாலை நிறுத்தாதீர்கள், கறக்கும் ஆளை மாற்றுங்கள்: பால் சங்கச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களின் செயலாளர்களுக்கும் தலைவர்களுக்கும், வணக்கம்.

காலையும் மாலையும் ஊரே உங்கள் வாசலுக்கு வருகிறது. எந்த வீட்டுப் பாலை யார் கொண்டுவருகிறார், நேற்றுவரை வந்தவர் இன்று ஏன் பிள்ளையை அனுப்பினார், வரிசையில் நிற்கும்போதே யாருக்கு இருமல் அடங்கவில்லை என்பதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆட்சியருக்கும் துறை அலுவலர்களுக்கும் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்கிறோம். முதல் பேச்சு உங்களோடுதான்.

அடைப்பான், வெறிநோய், கன்றுவீச்சு நோய் என்று கால்நடையிலிருந்து மனிதருக்கு வருவதைப் பற்றி நம் ஊர்களில் வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. சுவரில் எழுதியாகிவிட்டது, தண்டோராவும் போட்டாகிவிட்டது. மனிதரிடமிருந்து மாட்டுக்கும் பன்றிக்கும் போகிற நோய்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. போகிறது என்பதில் சந்தேகமில்லை. அதில் முதலாவது காசநோய்.

காசநோயே மாட்டிடமிருந்து மனிதனுக்கு வந்தது என்றுதான் பழைய பாடங்களில் இருக்கும். 2002இல் வெளியான மரபணு ஒப்பீடு அதைக் கவிழ்த்துவிட்டது. மனிதக் கிருமியில் முழுசாக இருக்கும் சில மரபணுத் துண்டுகள் மாட்டுக் கிருமியில் உதிர்ந்துபோயிருக்கின்றன. உதிர்ந்தது திரும்ப முளைக்காது. ஆகவே மாட்டுக் கிருமி மனிதக் கிருமிக்குத் தாயாக இருக்க முடியாது. நம் ஊரிலேயே இன்னொரு சான்று உண்டு. 2018 அக்டோபர் முதல் 2019 மார்ச் வரை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வளர்த்தெடுத்த 940 கிருமி மாதிரிகளை மரபணு முறையில் பார்த்தார்கள். சுமார் 97 சதவீதம் மனிதக் காசநோய்க் கிருமி. ஏழில் மட்டும் 'ஆரிஜிஸ்' என்ற, தெற்காசியக் கால்நடைகளில் காணப்படும் கிருமி. மாட்டுக் காசநோய்க் கிருமி என்று எல்லோரும் படித்த 'போவிஸ்', பி.சி.ஜி. தடுப்பூசியில் இருக்கும் வகையைத் தவிர்த்துப் பார்த்தால், ஒன்றில்கூட இல்லை. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டு மாடுகளிலிருந்து மனிதக் கிருமி பிரித்தெடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மாட்டைக் கண்டு நாம் பயப்படுவதைவிட நம்மைக் கண்டு மாடு பயப்படுவதற்குக் காரணம் அதிகம்.

எப்படிப் போகிறது? ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பக்கம் முழுச் சுவர், மேலே சிமெண்ட் ஓடு, சாரலுக்காகச் சாளரத்தில் தொங்கும் கோணிப்பை. இரண்டு கறவை, ஒரு கன்று. வீட்டில் தனி அறை கிடையாது. டி.பி. என்று தெரிந்ததும், குழந்தைகளுக்கு ஒட்டக்கூடாதென்று பெரியவருக்கான கட்டிலைக் கொட்டகை ஓரத்தில் போட்டுவிடுகிறார்கள். குழந்தைகளைக் காப்பாற்ற நினைத்தது சரி. ஆனால் இரவெல்லாம் அவர் இருமுவது மாட்டின் மூக்குக்கு நாலடி தூரத்தில். காற்றோட்டமும் வெயிலும் இல்லாத இடத்தில் அந்தக் கிருமி லேசில் சாகாது. நேர் வெயில் பட்டால் சீக்கிரம் செத்துவிடும். எழுந்து துப்பச் சோம்பல்பட்டு வைக்கோல் பக்கமே துப்புகிறார். அவர் மிச்சம் வைத்த கஞ்சி கழுநீர்த் தொட்டிக்குப் போகிறது, தவிட்டோடும் புண்ணாக்கோடும் கலந்து மாடு குடிக்கிறது. மூச்சு, தீவனம், கழுநீர் என்று மூன்று வழியும் ஒரே கொட்டகைக்குள் திறந்து கிடக்கின்றன. இதில் கழுநீர்த் தொட்டியைத்தான் யாரும் நினைத்தே பார்ப்பதில்லை.

உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும்: மனிதக் கிருமி மாட்டுக்குள் போனால் பெரும்பாலும் பெரிய நோயாக வளர்வதில்லை. மாடு இளைக்காது, இருமாது, பாலும் குறையாது. பிறகு ஏன் கவலை? சில மாடுகளில் அது நுரையீரலிலும் நிணநீர்க் கட்டிகளிலும் தங்கிவிடும். பாலில் வருவதும் உண்டு. கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடிக்கும் வீட்டில் அது திரும்பக் குழந்தைக்கே வரும். இன்னொன்று, காசநோய்க்கான தோல் பரிசோதனை செய்தால் இந்த மாடும் வீங்கிக் காட்டும். மனிதக் கிருமியா மாட்டுக் கிருமியா என்று அந்த வீக்கத்தை வைத்துச் சொல்லவே முடியாது. 'டி.பி. மாடு' என்று பெயர் விழுந்த கையோடு அடுத்த செவ்வாய்க்கிழமை அது பொய்கைச் சந்தையில் நிற்கும். வாங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. மாட்டுக்கு ஐசோனியசிட் என்ற காசநோய் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. மாதக்கணக்கில் கொடுத்தாலும் கிருமி முழுதாக ஒழியாது, மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும், மருந்து பாலிலும் இறங்கும்.

அந்தப் பரிசோதனையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதித் தகராறு அங்கேதான் வருகிறது. வாலடி மடிப்பில் ஒரே ஒரு ஊசி போட்டு விரலால் தடவிப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது நம் பக்கத்தில் சாதாரணம். அதை நம்பி மாட்டை விற்காதீர்கள். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் சாதுவான கிருமிகளுக்கும், ஜோனிஸ் என்ற குடல் நோயின் கிருமிக்கும் அது வீங்கிக் காட்டும். சரியான முறை கழுத்தில் செய்யும் ஒப்பீட்டுப் பரிசோதனை. கழுத்தின் நடுப்பகுதியில் சுமார் 12 செ.மீ. இடைவெளியில் இரண்டு இடம் மயிர் கத்தரித்து, தோலின் தடிமனைக் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். டியூபர்குலின் என்பது காசநோய்க் கிருமியிலிருந்து எடுக்கும் சோதனை மருந்து. ஒன்றில் பறவைக் கிருமியின் டியூபர்குலின், மற்றதில் மாட்டுக் கிருமியின் டியூபர்குலின், தலா 0.1 மி.லி., தோலுக்குள்ளேயே. போட்டதும் பட்டாணி அளவு புடைப்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் ஊசி தோலுக்கு அடியில் போய்விட்டது, அந்தச் சோதனை செல்லாது. 72 மணி நேரம் கழித்து, முன்பு அளந்த அதே ஆள் அதே காலிப்பரால் அளக்க வேண்டும். மாட்டு டியூபர்குலின் இடத்து வீக்கம் மற்றதைவிட 4 மி.மீ.க்கு மேல் கூடுதலாக இருந்தால்தான் நோய்த்தொற்று. 1 முதல் 4 மி.மீ. என்றால் சந்தேகம், 42 நாள் கழித்து மறுபடி. நாலைந்து நாளில் திரும்பப் போட்டால் தோல் களைத்துப்போயிருக்கும், பொய்யாக 'இல்லை' என்று வரும். ஈன்று ஆறு வாரம் ஆகாத மாட்டிலும் அப்படித்தான். டியூபர்குலினை இசத்நகரிலுள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் தயாரிக்கிறது. குளிர்ச்சியில் வராத குப்பியை வாங்கவே வேண்டாம்.

சோதனையை எப்போது செய்வது என்பதும் முக்கியம். தொற்றிய மூன்று முதல் ஆறு வாரம் கழித்துத்தான் தோல் பதில் சொல்லத் தொடங்கும். ஆகவே நோயாளி கொட்டகையை விட்டு விலகிய நாளிலிருந்து எட்டு வாரம் கழித்துச் செய்யச் சொல்லுங்கள். அவசரப்பட்டு மறுநாளே செய்து 'ஒன்றுமில்லை' என்று நிம்மதியடைவதில் பயனில்லை.

இனி உங்களிடம் கேட்பது. ஒரு வீட்டில் டி.பி. என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பாலை நிறுத்தாதீர்கள். சங்கம் பாலை மறுத்துவிட்டது என்ற சேதி ஒரு நாளில் பத்து ஊருக்குப் பரவும். அதன் பிறகு எந்த வீட்டிலும் யாருக்கும் டி.பி. இருக்காது, இருமல் மட்டும் இருக்கும். பால் பண்ணையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடேறும்போதே இந்தக் கிருமி செத்துவிடுகிறது. வீட்டில் பொங்கக் காய்ச்சினாலும் சாகும். பாலுக்கு வழி இருக்கிறது. மாற்ற வேண்டியது கறக்கும் ஆளை. மருந்துக்கு அடங்கும் வகை டி.பி. என்றால் மாத்திரை ஒழுங்காகத் தொடங்கிய இரண்டு வாரத்தில் பரப்பும் திறன் வெகுவாகக் குறைகிறது. என்றாலும் இரண்டு மாத முடிவில் எடுக்கும் சளிப் பரிசோதனை சுத்தமென்று வரும்வரை அவர் கொட்டகைக்குள் கால் வைக்காமல் இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. மருந்துக்கு அடங்காத வகையென்றால் மருத்துவர் சொல்லும்வரை.

இரண்டு மாதம் யார் கறப்பது? இங்கேதான் சங்கம் தேவைப்படுகிறது. ஊரில் கறவைக்குப் போகும் ஆள் ஒருவரை அந்த வீட்டுக்கு ஏற்பாடு செய்து, அவருக்கான கூலியைப் பால் பணத்திலிருந்து வாரா வாரம் பிடித்துக் கொடுக்க உங்களால் முடியும். வீட்டுக்காரரே பேசினால் கூலி தகராறாகிவிடும். அரசு டி.பி. நோயாளிக்கு 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அது அவர் முட்டையும் பயறும் சாப்பிடுவதற்கு. கறவைக் கூலிக்கு அதைக் கை வைக்க விடாதீர்கள். கரும்பலகையில் பெயர் எழுதுவது, வரிசையில் உரக்கக் கேட்பது இரண்டும் கூடவே கூடாது. கணக்குப் பார்க்க வரும்போது தனியே கூப்பிட்டு நாலு வார்த்தை சொன்னால் போதும்: கட்டிலை அந்தப் பக்கம் மாற்றுங்கள், கோணிப்பையை எடுத்து வெளிச்சம் வரவிடுங்கள், சளியை மூடி போட்ட டப்பாவில் துப்பிக் கொளுத்திவிடுங்கள், எச்சில் கஞ்சியைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். புதுக் கொட்டகை கட்டுகிறவர்களிடம் சுவரை மூன்றரை அடியோடு நிறுத்தி மேலே திறந்துவிடச் சொல்லுங்கள். சாரலுக்குக் கூரையை இரண்டடி நீட்டினால் போதும்.

அடுத்தது கறக்கும் கை. ஆரோக்கியமான மனிதரிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி குடியிருக்கிறது. மூக்கிலிருந்து விரலுக்கு, விரலிலிருந்து காம்புக்கு. மடிநோயில் மாட்டிலிருந்து மாட்டுக்குப் போவதுதான் அதிகம் என்பது உண்மை. அதையும் கொண்டுபோவது இதே கைதான். மனிதரிடமிருந்து தாவிய கிருமி கால்நடையில் குடும்பம் பெருக்கிய கதையும் உண்டு: கறிக்கோழிகளில் உலகெங்கும் பரவியிருக்கும் இந்தக் கிருமியின் ஒரு வகை மனிதரிடமிருந்து போனது என்று 2009இல் மரபணு ஆய்வில் தெரிந்தது.

நகச்சுற்று, விரலிடுக்கில் சேற்றுப்புண், கையில் சீழ்க்கொப்புளம் இருப்பவர் கறக்கக்கூடாது. வேறு ஆளே இல்லையென்றால் நைட்ரைல் கையுறை, ஒரு மாட்டுக்கு ஒரு ஜோடி. எல்லா மாட்டுக்கும் ஒரே துண்டால் மடி துடைப்பதுதான் பெரிய குற்றவாளி. துண்டுக்குப் பதில் பழைய செய்தித்தாள் கிழித்து மாட்டுக்கொன்றாகத் துடைத்துப் போடலாம். எச்சில் தொட்டுக் காம்பை நனைப்பவர்களும், முதல் பாலைத் தரையில் பீய்ச்சுபவர்களும் இன்னும் இருக்கிறார்கள். முதல் மூன்று நான்கு பீய்ச்சலைக் கருப்பு நிறக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். பால் திரிந்து கட்டி கட்டியாக இருந்தால் அந்த மாட்டைக் கடைசியில் கறக்கவும். தலையீற்று மாடு முதலில், நோய் கண்டது கடைசியில் என்பதுதான் வரிசை. கட்டைவிரலை மடித்து அழுத்திக் கறந்தால் காம்பின் உட்தோல் கிழியும், அங்கே கிருமி தங்கும். முழுக் கையால் கறக்கச் சொல்லுங்கள்.

கறந்து முடித்த ஒரு நிமிடத்துக்குள் காம்பை அயோடின் கரைசலில் முக்க வேண்டும். காம்புக்கென்று விற்கும் தனிக் கரைசலை வாங்கத் தேவையில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் 5 சதவீத போவிடோன் அயோடினில் இருக்கும் அயோடின் சுமார் 0.5 சதவீதம், காம்புக்கு அதுவே அளவு, தண்ணீர் சேர்க்க வேண்டாம். 10 சதவீதக் குப்பி என்றால் சரிபாதி காய்ச்சி ஆறிய தண்ணீர். வெடிப்பு வராமலிருக்க 100 மி.லி.க்கு 5 மி.லி. கிளிசரின். முக்கி எடுத்தபின் கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்பக் குப்பியில் ஊற்றினால் குப்பி முழுவதும் வீண். சிக்கனம் என்று நினைத்துப் பலர் இதைத்தான் செய்கிறார்கள். கறந்ததும் மாடு அரை மணி நேரம் படுக்காமல் நிற்க வேண்டும், காம்புத் துளை மூட அவ்வளவு நேரம் ஆகும். கறந்த பிறகு தீவனம் வைத்தால் தானாக நிற்கும்.

மூன்றாவது விஷயத்தைச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம். செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரி இரவில் எங்கே போய்த் திறந்துவிடுகிறது? ஏரிக்கரையில், பாலாற்று மணலில், சில இடங்களில் உரமென்று கேட்டு வாங்கி நேப்பியர் புல் வயலிலேயே. நாடாப்புழு இருக்கும் ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்தாறு துண்டுகள் வெளியேற்றுவார். மாட்டிறைச்சி வழி வரும் வகையில் ஒரு துண்டுக்குள் ஒரு லட்சம் வரை முட்டை இருக்கும். ஈர மண்ணில் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் தாடைத் தசையிலும் நாக்கிலும் இதயத்திலும் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் நீர்க்கட்டிகள் உருவாகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு வெட்டும் இடத்தில் தாடையைக் கீறிப் பார்க்கும்போதுதான் கட்டி தெரிகிறது. விலையைக் குறைக்கும்போது வியாபாரி மாட்டைத்தான் குறை சொல்வார். கட்டி போட்டது லாரி.

பன்றியிலும் இதே கதை, இன்னும் கொடுமையாக. வேலூர் மாவட்டத்தில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில் ஆயிரம் பேருக்கு 3.83 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் மூளையில் பன்றி நாடாப்புழுவின் நீர்க்கட்டி. உடனே பன்றியைத் திட்டுவது வழக்கம். பன்றிக்கு அந்த முட்டை மனித மலத்திலிருந்து மட்டுமே கிடைக்க முடியும். மூளைக்குப் போவதும் பன்றிக்கறியிலிருந்து நேராகப் போவதில்லை. புழு உள்ள இன்னொரு மனிதரின் கழுவாத கையிலிருந்து, அவரிடமிருந்து வந்த புழு முட்டை கலந்த சோறு தண்ணீரிலிருந்து போகிறது. அதனால்தான் பன்றிக்கறியே தொடாதவர்களுக்கும் வருகிறது.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் 400 மி.கி. ஒற்றை மாத்திரை உருண்டைப் புழுக்களுக்கானது. நாடாப்புழுவுக்கு அதை நம்ப முடியாது. நிக்லோசமைட் 2 கிராம் ஒரே வேளை மென்று விழுங்குவது பெரியவர்களுக்கு உதவும். அதே புழுவுக்குக் கொடுக்கும் பிரசிகுவாண்டல் மாத்திரையை மட்டும் தானாக வாங்கிப் போடக்கூடாது: மூளையில் தெரியாமல் கட்டி இருந்தால் அது சாகும்போது வலிப்பு கிளம்பும். பன்றிக்கு ஆக்ஸ்ஃபெண்டசோல் கிலோவுக்கு 30 மி.கி. ஒரே தடவை கொடுத்தால் தசையிலுள்ள கட்டிகள் சாகும். கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்வரை வெட்டக்கூடாது. சங்கம் இதில் செய்யக்கூடியது ஒன்றுதான், ஆனால் பலன் பெரிது: உறுப்பினர்களின் தீவன வயலில் லாரி இறங்கக்கூடாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2009இல் கிளம்பிய எச்1என்1 காய்ச்சல் மனிதரிடமிருந்து பன்றிப் பண்ணைகளுக்கு உலகெங்கும் பலமுறை போயிருக்கிறது. காய்ச்சலும் மூக்கொழுகலும் உள்ளவர் ஒரு வாரம் பன்றிக் கொட்டிலுக்குப் போகாதிருந்தால் போதும். கொரோனா நாய் பூனைகளுக்கு ஒட்டியது, பெரும்பாலும் லேசாகவே. 2021 ஜூனில் வண்டலூர்ப் பூங்காவில் சிங்கங்களுக்கு ஒட்டியபோது லேசாக இல்லை. ஒன்பது சிங்கங்களுக்குத் தொற்று, அவற்றில் நீலா என்ற பெண்சிங்கம் ஜூன் 3 அன்று இறந்தது. நம் அமிர்தி விலங்குப் பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகும்போது சளி பிடித்த பிள்ளையை வேலியோரம் விடாதீர்கள். தென்னிந்தியக் காட்டு யானைகள் மூன்றின் உடலில் மனிதக் காசநோய்க் கிருமி இருந்ததாக 2017இல் பதிவாகியிருக்கிறது. குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் காட்டில் மாடு மேய்ப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சேதி அது.

ஆட்சியருக்கும் துறையினருக்கும் கேட்பது கொஞ்சம்தான். டி.பி. நோயாளி வீட்டுக்கு ஊழியர் போய், கூட இருப்பவர்களைச் சோதிக்கிறார். அந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: வீட்டில் மாடு, ஆடு, பன்றி உண்டா, யார் கறக்கிறார்? உண்டு என்றால், நோயாளி சம்மதித்தால் மட்டும், தகவல் அந்தப் பகுதிக் கால்நடை உதவி மருத்துவருக்குப் போக வேண்டும். நோயாளி பெயர் வேண்டாம், கதவு எண் போதும். கால்நடை மருந்தகத்துக்கு ஒரு காலிப்பரும் இரண்டு வகை டியூபர்குலினும் வேண்டும். சோதனையில் நோய்த்தொற்று என்று வந்த மாட்டைச் சந்தைக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் வீட்டுக்கு ஏதாவது ஈடு கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் சோதனைக்கே மாட்டைக் கட்டமாட்டார்கள். கழிவு லாரி எங்கே கொட்டுகிறது என்பதை அதன் உரிமத்தோடு சேர்த்துப் பார்க்க ஆள் வேண்டும்.

செயலாளர்களே, உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். போனஸ் பட்டுவாடா நாளாக இருந்தால் இன்னும் நல்லது, அன்று வீட்டுக்கு இரண்டு பேராவது வருவார்கள். கருப்புக் கிண்ணம், அயோடின் குப்பி, காலிப்பர் மூன்றையும் கொண்டுவருகிறோம். ஒரு மாட்டைக் கட்டி வையுங்கள், கழுத்தில் எங்கே அளப்பது, எப்படி அளப்பது என்று கறக்கிறவர்களே கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவத்திலும் காசநோய்த் தடுப்புப் பணியிலும் இருக்கும் சிலர்,
வேலூர்